வீட்டு ஸ்டுடியோவுக்கு முதல் பெரிய டயாபிரம் மைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை திருநகரில் ஒரு மாடி அறையில் பல வருடமாக ரெக்கார்டிங் செய்து வருகிறேன். பக்திப் பாட்டு, டப்பிங், கதை வாசிப்பு, கிராமியப் பாட்டு என எது வந்தாலும் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள்தான். மைக் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய நினைக்கிறவர்களை மனதில் வைத்து, பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெரிய டயாபிரம் கண்டென்சர் என்றால் என்ன? கோயில் கச்சேரியில் பார்க்கிற மைக்கிலிருந்து எதில் வேறுபடுகிறது?

மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற மைக் பெரும்பாலும் டைனமிக் வகை. சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே அசைந்து மின்சாரம் உண்டாக்கும். சுருளின் எடையையும் சவ்வு தூக்க வேண்டியிருப்பதால், மிக நுண்ணிய அசைவுகளுக்கு அது சட்டென்று இசைந்து கொடுக்காது. கண்டென்சரில் சுருள் கிடையாது. தங்கம் பூசிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, சில மைக்ரான் தடிமன்தான்; அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டு ஓர் உலோகத் தகடு. குரல் பட்டுச் சவ்வு அசையும்போது அந்த இடைவெளி கூடிக் குறையும். அந்த மாற்றம்தான் மின் அலையாக வெளியே வருகிறது. மூச்சு இழுப்பது, உதடு பிரிவது, கமகத்தில் குரல் உரசுவது எல்லாம் கேட்பதற்கு இதுதான் காரணம்.

சவ்வின் விட்டம் சுமார் 1 அங்குலம், அதாவது 25 மி.மீ. அளவுக்கு இருந்தால் பெரிய டயாபிரம் என்கிறோம். குரலுக்கு இந்த வகையை எல்லோரும் நாடுவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் இரைச்சல் குறைவு, அருகில் பாடும்போது குரலுக்கு ஒரு கனம் கிடைக்கிறது.

ஒரு செய்தி எனக்கு எப்போதும் பிடிக்கும். அமெரிக்காவில் ஈ. சி. வென்ட் என்பவர் கண்டென்சர் மைக்கை உருவாக்கியது 1916இல். நம் மதுரையில் எம். எஸ். சுப்புலட்சுமி பிறந்ததும் அதே 1916இல்.

அண்ணே, பட்ஜெட் இவ்வளவுதான். நேரே எந்த மைக் வாங்கட்டும்?

மைக் பேரைச் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த அறையில் வைத்துப் பாடப் போகிறீர்கள்? கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் மைக்கில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது அறைக்கும், ஸ்டாண்டுக்கும், நல்ல கேபிளுக்கும், மூடிய வகை ஹெட்போனுக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் மைக் பாருங்கள். ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) இல்லையென்றால் அதுவும் தனிச் செலவு. இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் ஆறு மாதம் கழித்து "மைக் சரியில்லை, வேற மாத்தணும்" என்று வருகிறார்கள். போய்ப் பார்த்தால் மைக் நன்றாகத்தான் இருக்கும். நான்கு பக்கமும் வெறும் சுவர்.

அறைக்கும் மைக்குக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் வீடுகளின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். சிமெண்ட் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ் அல்லது மொசைக். எல்லாமே குரலைத் திருப்பி அடிக்கிற பரப்பு. அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். "டிங்" என்று ஒரு உலோக ஓசை பின்தொடர்ந்தால், அதே ஓசை உங்கள் பாட்டின் ஒவ்வொரு எழுத்தோடும் சேர்ந்து பதிவாகும். மிக்ஸிங்கில் அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

அடுத்து, பத்தடி நீளம், பத்தடி அகலம், உயரமும் ஏறக்குறைய பத்தடி. நம் ஊரில் படுக்கையறை என்றால் இதுதான் கணக்கு. மூன்று பக்கமும் ஒரே அளவாக இருக்கும் அறை பதிவுக்கு மிகவும் சிரமமானது. பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி நின்று முழங்கும். அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் குவிகிறது. ஆண் பேச்சுக்குரலின் அடிநாதம் இருப்பதும் 112ஐ ஒட்டித்தான். கதை வாசிக்கிற தம்பிகள் பலர் "என் குரல் ஏண்ணே பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்று கேட்பது இதனால்தான். குரலில் குறை ஏதும் இல்லை.

இதற்கு முதல் மருந்து காசில்லாதது. அறையின் நட்டநடுவில் மைக்கை வைக்காதீர்கள். 112 ஹெர்ட்ஸ் அங்கேதான் உச்சத்தில் நிற்கும். ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு, அதாவது மூன்றே கால் அடி அளவில் நகர்த்துங்கள். முழக்கம் குறைவது காதுக்கே தெரியும்.

இரண்டாவது மருந்து, மெத்தை. தேனிப் பக்கம் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். நம் வீடுகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றாவது பரணில் கிடக்கும். அதை வெயிலில் காயப்போட்டு, பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். மைக்கின் முகம் பாடுகிறவரைப் பார்த்து இருப்பதால், அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரிலிருந்து திரும்பி வருகிற ஒலிதான் நேரே மைக்குக்குள் போகும். அதனால் முதல் மெத்தை அங்கே. இரண்டாவது கிடைத்தால் பக்கச் சுவரில். இயன்றால் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இன்னும் கீழ் ஸ்தாயி வரை உறிஞ்சும்.

முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்கிறார்களே?

போதாது. மெல்லிய காகிதக் கூழ் அது. கொஞ்சம் கீச்சு ஒலியைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். சுங்குடிச் சேலையை நான்கு மடிப்பாகத் தொங்கவிட்டாலும் அதே கதை. மேல் ஸ்தாயி மட்டும் மங்கிப்போய், கீழே இருக்கிற முழக்கம் அப்படியே இருக்கும். குரல் இன்னும் மந்தமாகத்தான் கேட்கும். ஒலியை உறிஞ்ச வேண்டுமென்றால் பொருளுக்குத் தடிமன் வேண்டும். மூன்று நான்கு அங்குலமாவது இல்லாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள். முட்டை அட்டை எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மெயின் ரோட்டில். பஸ் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் கேட்கும். கண்டென்சர் வாங்கலாமா?

அந்த வீட்டில் பகலில்தான் பதிவு செய்ய முடியும் என்றால் டைனமிக் மைக்கே வாங்குங்கள். 1966இலிருந்து வருகிற ஷூர் எஸ்எம்58 ஒன்று போதும். உதட்டை ஒட்டிப் பாடலாம். குரல் ஓங்கி நிற்கும், தெருச் சத்தம் பின்னால் போய்விடும். கொஞ்சம் வசதி இருந்தால் ஷூர் எஸ்எம்7பி. ஆனால் அதற்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது, தேவை. எல்லா இன்டர்பேஸும் இரைச்சல் இல்லாமல் அவ்வளவு கொடுக்காது, பார்த்து வாங்குங்கள்.

விடியற்காலை நான்கு முதல் ஆறு மணி வரை உங்களால் உட்கார முடியுமென்றால் கண்டென்சர் வாங்கலாம். நான் அமைதியான குரல்களை அந்த நேரத்தில்தான் பதிவு செய்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டிய பிறகும், சித்திரைத் திருவிழா நடக்கிற நாட்களிலும் நான் வேலையே ஒப்புக்கொள்வதில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மைக்கை எடுத்து வைத்துவிட்டு வைகைக்குப் போய்விடுகிறேன்.

மைக் அட்டையில் 'செல்ஃப் நாய்ஸ்' என்று போட்டிருக்கிறது. அது எவ்வளவு இருக்க வேண்டும்?

மைக் தானாகவே உண்டாக்குகிற இரைச்சல் அது. எண் குறையக் குறைய நல்லது. ரோட் என்டி1 குடும்பத்து மைக்குகளில் 4 முதல் 5 டெசிபல். நியூமன் டிஎல்எம் 103இல் 7. ஆடியோ டெக்னிகா ஏடி2035இல் 12. அதே கம்பெனியின் ஏடி2020இல் 20.

இதைப் பார்த்ததும் 4க்கே ஓடத் தோன்றும். பொறுங்கள். இரவில் ஊர் அடங்கிய பிறகும் நம் அறைகளின் இரைச்சல் 30 டெசிபலைச் சுற்றித்தான் இருக்கும். மின்விசிறி போட்டால் அதற்கும் மேலே போய்விடும். அறையே 35இல் இருக்கும்போது 4க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் மூழ்கிப்போகும். உரக்கப் பாடுகிறவருக்கு 20கூடத் தடையில்லை. தாலாட்டு, மெல்லிய வீணை, கிசுகிசுப்பாகக் கதை சொல்வது, இப்படிக் கெயினை நிறைய ஏற்ற வேண்டிய வேலைக்குத்தான் 10க்குக் கீழே தேடிப் போக வேண்டும், அதுவும் அறை உண்மையிலேயே அமைதியாக இருந்தால்.

சரி, இப்போதாவது பேர் சொல்லுங்கள்.

சொல்கிறேன். விலை மாறிக்கொண்டே இருக்கிறது, அதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டு, பேச்சு, கருவி எல்லாம் கலந்து செய்கிற ஒருவருக்கு முதல் மைக் என்றால் நான் ஏடி2035 சொல்வேன். சவ்வு பெரியது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற சுவிட்சும், 10 டெசிபல் குறைக்கிற சுவிட்சும் உடம்பிலேயே இருக்கின்றன. 148 டெசிபல் வரை தாங்கும். தவில்காரர் வந்தாலும் கை நடுங்க வேண்டாம். ஏகேஜி பி220ஐயும் இதே வரிசையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

டப்பிங், கதை வாசிப்பு, மெல்லிய குரல்தான் உங்கள் வேலை, அறையையும் சரிசெய்துவிட்டீர்கள் என்றால் ரோட் என்டி1. ஐந்தாம் தலைமுறை மாடலில் நேரே கணினியில் செருகுகிற யூஎஸ்பி, இன்டர்பேஸில் செருகுகிற மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இரண்டும் இருப்பதால், இன்டர்பேஸ் வாங்குவதைச் சில மாதம் தள்ளிப்போடலாம்.

கையில் குறைவாக இருந்தால் ஏடி2020. கறாராகப் பார்த்தால் அது பெரிய டயாபிரம் கிடையாது. சவ்வு 16 மி.மீ.தான். ஆனால் நேர்மையான மைக், முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு எந்தக் குறையும் வைக்காது.

நியூமன் யு87 பற்றியும் கேட்கிறார்கள். 1967இலிருந்து பெரிய ஸ்டுடியோக்களில் இருக்கிற மைக் அது. அதை வாங்குகிற பணத்தில் நம் பக்கம் ஓர் அறையையே ஒழுங்காகக் கட்டிவிடலாம். முதல் மைக்காக வேண்டாம்.

ஆன்லைனில் பிஎம்800 என்று ஒன்று மிக மலிவாக வருகிறதே?

வெளித்தோற்றம் பெரிய டயாபிரம் மைக் போலவே இருக்கும். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே சட்டைப் பொத்தான் அளவு எலக்ட்ரெட் கேப்ஸ்யூல் (குரலை வாங்குகிற சவ்வுப் பகுதி) ஒன்றுதான். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து ஏடி2020 வரைக்கும் காத்திருங்கள். அதுவரை கைப்பேசியிலேயே, மெத்தைக்கு முன்னால் நின்று, பாடிப் பழகுங்கள்.

கடையில் போய் எப்படிச் சோதிப்பது?

உங்கள் ஹெட்போனைக் கையோடு எடுத்துப் போங்கள். கடை ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு மைக்கிலும் ஒரே தூரத்தில் நின்று சொல்லுங்கள். நான் வைத்திருக்கிற வாக்கியம் இது: "சித்திரைச் சந்தையில் செல்வி சிவப்புச் சேலை சுற்றி வந்தாள், பங்குனி வெயிலில் பாப்பாத்தி பழைய பானையைப் போட்டுடைத்தாள், கிழவி வாழைப்பழத்தை அழகாக உரித்தாள்."

முதல் பகுதி சகரத்துக்கு. சொல்லின் முதலில் வரும் சகரத்தை நாம் காற்றோடு உச்சரிக்கிறோம். மலிவான கண்டென்சர்கள் பல 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கிக் கொடுப்பதால், அந்த இடத்தில் ஊசி குத்துவது போல் கேட்கும். கடையில் முதல் நிமிடம் கேட்கும்போது அது "தெளிவாக இருக்கிறதே" என்று தோன்றும். வீட்டில் இரண்டு மணி நேரம் கேட்டால் காது வலிக்கும். என் முதல் மைக்கை நான் அப்படித்தான் வாங்கினேன். ஒரு முழு முருகன் பாட்டு ஆல்பத்திலும் சகரத்தை ஒவ்வொன்றாகக் கையால் இறக்கினேன்.

இரண்டாவது பகுதி பகரத்துக்கு. தமிழில் பகரத்தை ஆங்கிலக்காரர்கள் போல மூச்சைத் தள்ளிச் சொல்வதில்லை. அதனால் 'பொத்'தென்று காற்று மோதுவது நமக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் உணர்ச்சியோடு பாடும்போது வரும். மூன்றாவது, ழகரம். அது மங்கலாக, லகரம் போலக் கேட்டால் அந்த மைக் உங்கள் குரலுக்குச் சேரவில்லை. உங்களுக்குச் சேராத மைக் உங்கள் தங்கைக்குச் சேரலாம். அடுத்தவர் ரெக்கார்டிங்கைக் கேட்டு மட்டும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காக.

கடைசியாக, பில் இல்லாமல் வாங்காதீர்கள். பேர்பெற்ற மைக்குகளுக்குப் போலிகள் நிறைய உண்டு. எனக்கே ஒருமுறை ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் அச்சு அசலாக அதே பெட்டியில் போலி மைக்கை அனுப்பினார். எடை குறைவாக இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பழைய மைக் வாங்கலாமா?

நேரில் பார்த்து, ஒலித்துப் பார்த்து வாங்கலாம். டார்ச் அடித்துக் கம்பிவலைக்குள் பாருங்கள். சவ்வில் கறை, சுருக்கம் இருந்தால் வேண்டாம். 48 வோல்ட் கொடுத்து ஐந்து நிமிடம் ஹெட்போனில் சும்மா கேளுங்கள். வறுகடலை பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது.

48 வோல்ட், பேன்டம் பவர் என்கிறார்களே, ஷாக் அடிக்குமா?

அடிக்காது. சவ்வுக்கும் உள்ளே இருக்கிற சின்ன ஆம்ப்ளிஃபயருக்கும் தேவையான மின்சாரம் எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாகவே போகிறது. இன்டர்பேஸில் '48' என்று போட்ட பட்டன் அதற்குத்தான். கெயினைக் குறைத்து வைத்து, கேபிளைச் செருகி, அப்புறம் பட்டனை அழுத்துங்கள். கழற்றும்போது பட்டனை அணைத்து அரை நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள்.

மைக்கிலிருந்து எவ்வளவு தூரம் நிற்க வேண்டும்?

ஒரு சாண். கட்டைவிரலை மைக்கில் வைத்துச் சுண்டுவிரலை உதட்டுக்கு நீட்டினால் அதுதான் அளவு. சுமார் 20 செ.மீ. நடுவில், மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி பாப் ஃபில்டர் (பகரத்தின் காற்று மோதாமல் தடுக்கிற வலை). தூரம் பாதியானால் உங்கள் குரல் 6 டெசிபல் ஏறும், அறை ஓசை அதே அளவில் நிற்கும். அதனால் அறை மோசமாக இருந்தால் கிட்டே வாருங்கள். ஆனால் கிட்டே வர வர அடிக்குரல் வீங்கும். அப்போது 80 ஹெர்ட்ஸ் சுவிட்சைப் போடுங்கள்.

இங்கே சொன்ன மைக்குகள் போல முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கிற வகைக்குக் கார்டியாய்ட் என்று பேர். அதற்கு முதுகுப் பக்கம் காது மந்தம். எனவே மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ஒரு பைசா செலவில்லாமல் தெருச் சத்தத்தைக் குறைக்கிற வழி இது. இன்னொன்று: இந்த வகை மைக்கில் பக்கவாட்டில்தான் பாட வேண்டும், கம்பெனி முத்திரை இருக்கிற பக்கம். நுனியைப் பார்த்துப் பாடிவிட்டு, குரல் மங்கலாக இருக்கிறது என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாதஸ்வரத்துக்கு ஒரு சாண் கணக்கு செல்லாது. நான்கைந்து அடி தள்ளி, அணசுக்கு (கீழே விரிந்த வாய்) நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் மேலாக வையுங்கள். விரல் துளைகள் வழியாகவும் நாதம் வெளியே வருகிறது, அதுவும் கிடைக்க வேண்டும்.

மே மாத வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படிப் பாடுவது?

பாட முடியாது, துன்பப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம். அறையை ஏசியில் நன்றாகக் குளிரவிட்டு, அணைத்துவிட்டு, பல்லவி ஒரு டேக், சரணம் ஒரு டேக் என்று துண்டு துண்டாக எடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையைத் தவிருங்கள். ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனல் கக்கும். வியர்த்து ஊற்றுகிற பாடகரிடமிருந்து நல்ல டேக் வராது. இதை எந்த மைக்காலும் ஈடுகட்ட முடியாது.

ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கேட்கிறது. மைக் பழுதா?

முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். உறுமல் போய்விட்டால் வீட்டு எர்த்திங் சரியில்லாமல் இருக்கலாம்; எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். அந்த நேரம் லேப்டாப் பேட்டரியில் மட்டும் பதிவு செய்யுங்கள், அறையில் இருக்கிற எல்.ஈ.டி. விளக்கையும் அணைத்துப் பாருங்கள்.

மைக்கை எப்படிப் பாதுகாப்பது?

வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது கட்டாயம். மின்னேற்றம் உள்ள சவ்வு தூசியையும் புகையையும் இழுக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீட்டில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடாதீர்கள். சவ்வை நீங்களாகத் துடைக்க முயலவே கூடாது.

எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது வயது. தாலாட்டும் ஒப்பாரியும் நிறையத் தெரியும். அவரைப் பதிவு செய்ய என்ன வாங்குவது?

இதற்காக எதையும் வாங்கக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கைப்பேசியை எடுத்துப் போய்ப் பதிவு செய்யுங்கள். என் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம் இருந்தார். நல்ல மைக் வந்ததும் பதிவு செய்யலாம் என்று ஒரு வருடம் தள்ளினேன். மைக்கோடு போனபோது பதினான்கு தாலாட்டில் ஐந்துதான் அவருக்கு நினைவில் இருந்தது.

மைக் கிடைத்த பிறகு மறுபடி போங்கள். அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்து வராதீர்கள். அவர் வழக்கமாக உட்காருகிற இடத்திலேயே, தரையில் பாயிலேயே உட்காரட்டும். நெல் மூட்டையோ துணி மூட்டையோ இருக்கிற உள்ளறை கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ இல்லை. ஸ்டாண்டைத் தாழ்த்தி, மைக்கைத் தலைகீழாக, அவர் நெற்றி உயரத்தில், ஒன்றரைச் சாண் தூரத்தில் தொங்கவிடுங்கள். முகத்துக்கு நேரே இருந்தால் கூச்சப்படுவார். ஹெட்போனை நீங்கள் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பதிவை முன்கூட்டியே ஓடவிட்டு, மடியில் ஒரு பிள்ளையைக் கொடுத்து, "அப்பத்தா, இவன் தூங்க மாட்டேங்கிறான்" என்று சொல்லுங்கள்.